இரவில் வடிகட்டாத தண்ணீர்: மான்டரே பே அக்வேரியம், தண்ணீரை முன்வைத்து ஒரு விமர்சனம்

மீன்காட்சியகத்துக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் பெரும்பாலும் மீனுக்குத்தான் போடுகிறார்கள். சுறா எத்தனை, ஆமை உண்டா, கண்ணாடிச் சுரங்கம் உண்டா என்று பார்க்கிறார்கள். அந்த மீன்களை உயிரோடு வைத்திருக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எதன் வழியாகப் போகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பார்த்து மதிப்பெண் போட்டால், கலிபோர்னியாவின் மான்டரே பே அக்வேரியத்தை முதல் வரிசையில் வைக்க வேண்டும். அங்கே போகிறவர்கள் எந்தத் தொட்டி முன் எவ்வளவு நேரம் நிற்கலாம், தண்ணீரில் எதைக் கவனிக்கலாம், குறை எங்கே தெரியும் என்பதைத் தண்ணீரின் பக்கமிருந்து சொல்கிறோம்.

கேனரி ரோ தெருவின் கோடியில், மத்தி மீனை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்த ஹாவ்டன் ஆலை இருந்த இடத்தில், 1984 அக்டோபர் 20 அன்று இது திறந்தது. ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனர்களில் ஒருவரான டேவிட் பேக்கர்டும் அவர் மனைவி லூசிலும் 5.5 கோடி டாலர் கொடுத்துக் கட்டியது. கட்டடம் கடலின் விளிம்பிலேயே நிற்கிறது. தண்ணீர் விஷயத்தில் இதன் பலம் முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. விரிகுடாவிலிருந்து நிமிடத்துக்கு 2,000 கேலன் வரை, அதாவது 7,500 லிட்டருக்கு மேல், பம்ப் செய்து தொட்டிகளுக்கு அனுப்புகிறார்கள். பகலில் அந்தத் தண்ணீர் வடிகட்டப்பட்டு வருகிறது. இரவில், பார்வையாளர்கள் போன பிறகு, வடிகட்டாமல் அப்படியே விடுகிறார்கள்.

ஏன் அப்படி? தெளிவு வேறு, சுத்தம் வேறு. கலங்கிய குடிநீரில் தேத்தாங்கொட்டை போடுவது நம் பழைய வழக்கம். கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றினால், மிதக்கும் மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் தங்கும், மேலே தெளிந்த நீர் நிற்கும். ஆனால் அந்த நீரில் கரைந்திருப்பது எதுவும் அதனால் போய்விடாது. மீன்தொட்டியிலும் இதுதான் நிலை. கண்ணாடி போலத் தெளிந்த தொட்டியில் அம்மோனியா ஏறி மீன் சாகலாம். லேசாக மங்கிய தொட்டியில் எல்லா உயிரும் செழிக்கலாம். தெளிவு பார்க்க வருகிறவருக்கு, சுத்தம் உள்ளே வாழ்கிறவற்றுக்கு. இரண்டையும் ஒரே தொட்டியில் பகல், இரவு என்று பங்கு பிரித்துக் கொடுத்திருப்பது மான்டரேயின் மிகப் பெரிய சாதனை.

அதைப் பார்க்க வேண்டிய இடம் கெல்ப் காடு என்ற தொட்டி. 8.5 மீட்டர் உயரம், ஏறத்தாழ 13 லட்சம் லிட்டர். மேற்பக்கம் திறந்திருப்பதால் நேர் வெயில் உள்ளே விழுகிறது. ராட்சத கெல்ப் என்ற கடற்பாசி தொட்டிக்குள் நாளொன்றுக்குச் சராசரி 10 சென்டிமீட்டர் வளர்கிறது. முக்குளிப்பாளர்கள் இறங்கி அவ்வப்போது வெட்டிவிட வேண்டியிருக்கிறது. உயிருள்ள கெல்ப் காட்டைத் தொட்டிக்குள் வளர்த்துக் காட்டியது உலகத்தில் இதுதான் முதல் முறை. கெல்ப்புக்கு வேர் மூலமாக உணவு ஏறுவதில்லை, இலைப் பரப்பால் தண்ணீரிலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. தண்ணீர் அசையாமல் நின்றால் இலையை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் சத்து தீர்ந்துபோகும், பக்கத்தில் எவ்வளவு இருந்தாலும் இலைக்கு எட்டாது. அதனால்தான் இந்தத் தொட்டிக்கு அலை எந்திரம் தேவைப்பட்டது. அதை உருவாக்கும் வேலையில் டேவிட் பேக்கர்டே இறங்கினார். கெல்ப் இலைகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு கணம் நின்று, மறுபக்கம் சாய்வதைப் பார்த்தால் போதும், எந்திரம் ஓடுவது தெரிந்துவிடும். அந்த அசைவு அழகுக்காக வைத்ததல்ல, பயிருக்குப் போடும் உரம் போன்றது.

இப்போது கெல்ப்பை விட்டுப் பாறைகளைப் பாருங்கள். அவை சிமென்டில் செய்த செயற்கைப் பாறைகள். அவற்றின் மேல் கொட்டலசும் (பாறையில் ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிர்), கடல் சாமந்தியும், பஞ்சுயிரிகளும், கடற்பீச்சிகளும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. இவற்றில் பெரும்பகுதியை யாரும் கொண்டுவந்து ஒட்டவில்லை. இரவில் வந்த வடிகட்டாத தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளாக வந்து, இடம் பார்த்து உட்கார்ந்து, அதே தண்ணீரில் வரும் மிதவை உயிர்களைத் தின்று வளர்ந்தவை. பகலிலும் இரவிலும் வடிகட்டியிருந்தால் இந்தப் பாறைகள் வெறும் சிமென்டாகவே நின்றிருக்கும். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கெல்ப்புக்கு வேண்டிய நைட்ரேட் போன்ற கரைந்த சத்துகள் மணல் வடிகட்டியில் நிற்பதில்லை, பகலிலும் தாராளமாக வந்துவிடும். வடிகட்டி தடுப்பது துகள்களை. இரவுத் தண்ணீர் கூடுதலாகக் கொண்டுவருவது உயிருள்ள துகள்களை.

காலையில் இது எப்படித் தெளிகிறது? கணக்கு சுவாரசியமானது. தொட்டியில் தண்ணீர் வரிசையாகப் போவதில்லை, உள்ளே வருவது ஏற்கெனவே இருப்பதோடு கலந்துதான் வெளியேறுகிறது. அதனால் தொட்டியின் கொள்ளளவு முழுதும் ஒரு முறை உள்ளே வந்தாலும் பழைய கலங்கலில் 63 விழுக்காடுதான் வெளியே போயிருக்கும். இரண்டு முறைக்கு 86, மூன்று முறைக்கு 95. கட்டடத்துக்குள் வரும் தண்ணீர் முழுவதையும் இந்த ஒரு தொட்டிக்கே திருப்பினாலும் 13 லட்சம் லிட்டர் வர ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகும். அந்தக் கணக்கில் 95 விழுக்காடு தெளிய 9 மணி நேரம். மற்றத் தொட்டிகளும் பங்கு கேட்கும் என்பதால் இன்னும் நீளும். எனவே இவ்வளவு பெரிய தொட்டி எதிலும், புதுத் தண்ணீரை விட்டுப் பழையதைத் தள்ளுவதை மட்டும் நம்ப முடியாது. தொட்டித் தண்ணீரையே எடுத்து மணலில் ஓட்டித் திருப்பி விட வேண்டும், அதையும் கதவு திறப்பதற்கு வெகு முன்பே தொடங்க வேண்டும். தொட்டியின் ஓரத்தில் ஒரு மூலை மட்டும் நாள் முழுக்க மங்கலாகவே இருந்தால், அங்கே சுற்றோட்டம் எட்டவில்லை என்று பொருள். எந்த ஊர்த் தொட்டியிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

மணல் வடிகட்டி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிய மீன்காட்சியகங்களில் தெளிவுக்கு அடிப்படை அதுதான். ஆற்று மணலில் ஊற்று தோண்டினால் கிடைக்கும் தண்ணீர் எப்படித் தெளிகிறதோ, அதே தத்துவம்தான். ஆனால் ஊற்றில் சொட்டுச் சொட்டாக வருவது இங்கே பம்ப் அழுத்தத்தில் பாய்கிறது. மூடிய கலத்துக்குள் அரை மில்லிமீட்டர் அளவு ஒரே சீரான மணல். அதன் வழியே மணிக்கு 30 முதல் 50 மீட்டர் வேகத்தில் தண்ணீர் இறங்குகிறது. நிமிடத்துக்கு 7,570 லிட்டர் என்றால் மணிக்கு 454 கனமீட்டர். மணிக்கு 36 மீட்டர் வேகம் வைத்தால் 12.6 சதுர மீட்டர் மணல் பரப்பு வேண்டும். 1.8 மீட்டர் விட்டமுள்ள கலன்கள் 5. ஒன்றைக் கழுவும்போது மற்றவை சுமையைத் தாங்க வேண்டும் என்பதால் 6 வைப்பதுதான் சரி. இது எந்த இடத்துக்கும் போடக்கூடிய கணக்கு. வடிவமைப்பாளர் அந்த ஆறாவது கலனில் காசு மிச்சம் பிடித்திருந்தால், ஒவ்வொரு பேக்வாஷ் நேரத்திலும் தொட்டி மங்கும்.

பேக்வாஷ் என்பது தண்ணீரைக் கீழிருந்து மேலாகத் திருப்பி விட்டு மணலைக் கழுவுவது. கலத்துக்குள் போகும் அழுத்தத்துக்கும் வெளியே வரும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம், கழுவிய புதிதில் இருந்ததைவிட 0.5 முதல் 0.7 பார் கூடியதும் செய்ய வேண்டும். மணல் 20 முதல் 30 விழுக்காடு உப்பி எழும் வேகத்தில், பார்வைக் குழாயில் தண்ணீர் தெளியும்வரை, வழக்கமாக 5 முதல் 10 நிமிடம். பிறகு ஓட்டத்தை நேர்த்திசைக்கு மாற்றி, முதல் ஓரிரு நிமிடத் தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் சாக்கடைக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. விட்டால் தொட்டிக்குள் ஒரு புகை மண்டலம் கிளம்பி இறங்கும். அடிக்கடி கழுவினால் நல்லது என்று நினைப்பதும் தவறுதான். லேசாக அழுக்குப் படிந்த மணல் புது மணலைவிட நுண்ணிய துகளைப் பிடிக்கும். போதிய வேகமில்லாமல் கழுவுவது எல்லாவற்றிலும் மோசம். மீன் சளியும் எண்ணெயும் மணலைக் களிமண் உருண்டை போலச் சேர்த்துவிடும், தண்ணீர் அந்த உருண்டைகளைச் சுற்றிக்கொண்டு ஒரே வழியாகத் துளைத்துப் போகும். அழுத்த மானி நல்ல அளவையே காட்டும், தொட்டி மட்டும் நாளுக்கு நாள் மங்கும்.

பம்ப் நின்றால் என்ன ஆகும் என்பது இன்னும் முக்கியம். மணலுக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. ஓட்டம் நின்ற சில மணி நேரத்தில் அவை உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். கடல்நீரில் சல்ஃபேட் நிறைய இருப்பதால், ஆக்ஸிஜன் தீர்ந்ததும் வேறு வகை பாக்டீரியாக்கள் அதை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றத் தொடங்கும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். கரண்ட் வந்துவிட்டதே என்று சந்தோஷத்தில் சுவிட்சைப் போட்டால் அந்த விஷம் முழுவதும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் போகும். கரண்ட் போனதில் தப்பித்த மீன்கள் கரண்ட் வந்ததில் சாகும். நீண்ட நேரம் நின்ற வடிகட்டியை முதலில் பேக்வாஷ் செய்து, வெளியேறும் தண்ணீரை முகர்ந்து பார்த்து, அதன் பிறகே தொட்டியோடு இணைக்க வேண்டும். எந்தக் காட்சியகத்தின் பணியாளரிடமும் நீங்கள் கேட்கக்கூடிய நல்ல கேள்வி இது: நின்றுபோன ஃபில்டரை எப்படித் திரும்ப ஓட்டுவீர்கள்? பதில் சட்டென்று வந்தால் அந்த இடத்தை நம்பலாம்.

கடலிலிருந்து நேரே எடுப்பதற்கும் விலை உண்டு. இரவுத் தண்ணீரில் பாறைக்கு வரும் அதே கொட்டலசும் மட்டியும் உள்ளிழுக்கும் குழாயிலும் உட்காரும். அவற்றுக்கு அது அருமையான வீடு: இருட்டு, எதிரி கிடையாது, சாப்பாடு தானாக வந்துகொண்டே இருக்கும். குழாயின் உள்விட்டம் சுருங்கும், சுவர் சொரசொரப்பாகும், அதே பம்ப் குறைந்த தண்ணீரைத் தரும். இரண்டு குழாய் போடுவதன் பயன் இங்கே தெரிகிறது. ஒன்றை மூடித் தண்ணீரைத் தேக்கி வைத்தால், உள்ளே இருப்பவை ஆக்ஸிஜன் தீர்ந்து செத்துவிடும். பிறகு உருளைத் தூரிகையைக் குழாய்க்குள் தள்ளிச் சுரண்டி எடுக்கலாம். அந்தக் கழிவு எக்காரணம் கொண்டும் தொட்டிப் பக்கம் வரக்கூடாது. செத்த மட்டியின் சதை அழுகினால் அம்மோனியா கிளம்பும்.

தண்ணீரின் குணமும் நம் கையில் இல்லை. வசந்த காலத்திலிருந்து கோடை வரை இந்தக் கரையில் காற்று மேல்நீரை ஒதுக்கித் தள்ளும், அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே வரும். கெல்ப்புக்குக் கொண்டாட்டம். மிதவைப் பாசி பெருகித் தண்ணீர் பச்சைக் கஞ்சி போல ஆவதும் அப்போதுதான். வடிகட்டியின் அழுத்தம் அந்த நாட்களில் மளமளவென்று ஏறும். ஒட்டுண்ணிகளும் வரலாம். இவை எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டுதான் இந்த முறையை வைத்திருக்கிறார்கள். அந்தத் துணிவுக்காகவே நாம் இதற்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கிறோம். ஆனாலும் எண்ணெய்க் கசிவோ விஷப்பாசியோ வந்தால் வால்வை மூடிவிட்டு உள்ளிருக்கும் நீரையே சுற்றிவிடும் வசதி இல்லாமல் எந்தத் திறந்த அமைப்பும் இயங்கக்கூடாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஓப்பன் சீ தொட்டி. 1996-ல் சேர்த்த பகுதி. ஏறத்தாழ 45 லட்சம் லிட்டர், மிகப் பெரிய ஜன்னல், உள்ளே சூரை, சுறா, ஆமை, மத்திக் கூட்டம். மான்டரே விரிகுடாவின் நீர் குளிர்ந்தது, இந்த உயிர்களோ வெதுவெதுப்பான கடலில் திரிகிறவை. அதனால் தண்ணீரை 20 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்க வேண்டியிருக்கிறது. சூடாக்கிய நீரை நிமிடந்தோறும் கடலில் கொட்ட முடியாது என்பதால் இதை அரைமூடிய அமைப்பாக வைத்திருக்கிறார்கள், பெரும்பகுதி உள்ளேயே சுற்றுகிறது. இங்கேதான் தெளிவைத் தாண்டிச் சுத்தத்தின் வேலை தொடங்குகிறது.

ஒரு கணக்கு போடுவோம். இந்த அளவுத் தொட்டிக்கு நாளொன்றுக்கு 100 கிலோ பச்சை மீனும் கணவாயும் இரை என்று வைத்துக்கொள்வோம். இது எங்கள் எண், அவர்கள் இரை ஏட்டிலிருந்து எடுத்ததல்ல. அதில் புரதம் 18 கிலோ. மீன் வளர்ப்பில் வழக்கமாகப் பயன்படுத்தும் கணக்குப்படி அதிலிருந்து 1.65 கிலோ நைட்ரஜன் அம்மோனியாவாகத் தண்ணீரில் சேரும். 45 லட்சம் லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 0.37 மில்லிகிராம். ஒரே நாளில் இவ்வளவு என்றால் நான்கு நாளில் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடல்நீரின் பி.எச். 8-க்கு மேல் இருப்பதால் அம்மோனியா நன்னீரைவிட இங்கே அதிக நச்சு. இதை மணல் பிடிக்காது, கார்பன் என்ற கரி வடிகட்டியும் பிடிக்காது. பிளாஸ்டிக் வளையங்கள் நிறைந்த கோபுரங்களிலும் மணலிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள்தான் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன.

இந்த வேலைக்கு அவை கூலி கேட்கும். மேலே சொன்ன 1.65 கிலோவுக்கு ஏழரை கிலோ ஆக்ஸிஜன் செலவாகும். தண்ணீரின் காரத்தன்மையிலிருந்து ஏறக்குறைய 12 கிலோ கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான அளவு குறையும். அதை ஈடுகட்டச் சமையலறை ஆப்ப சோடாவாகவே போட்டாலும் தினம் 20 கிலோ வேண்டும். போடாமல் விட்டால் பி.எச். மெல்ல இறங்கும், பாக்டீரியாக்கள் சோர்ந்துபோகும், அம்மோனியா திரும்ப ஏறும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக் கூட்டம் நிலைகொள்ள 4 முதல் 6 வாரம் ஆகும். திறப்பு விழாத் தேதிக்காக அந்த வாரங்களைக் குறைத்து மீன்களை இறக்குவது தவறுகளிலேயே பெரிய தவறு. நோய்க்கு மருந்து கலக்கும்போதும் உயிர் வடிகட்டியைத் தனியே பிரித்துக்கொள்ளாவிட்டால், மருந்து அந்தப் பாக்டீரியாக்களையும் தாக்கும்.

நைட்ரேட் அம்மோனியா அளவுக்கு நச்சு இல்லை. ஆனால் அது போக இடமில்லை. அதே கணக்கில் நாளொன்றுக்கு லிட்டருக்கு 1.6 மில்லிகிராம், மாதத்துக்கு ஏறத்தாழ 50 என்று சேர்ந்துகொண்டே போகும். தினமும் பத்தில் ஒரு பங்கு நீரைப் புதிதாக மாற்றினால் 16-ல் நின்றுவிடும். கடலோரத்தில் இருப்பதன் லாபம் இதுதான்: வால்வைத் திறந்தால் புது நீர். ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா போலக் கடலுக்குத் தொலைவில் இருக்கும் ஊருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2005-ல் திறந்த ஜார்ஜியா அக்வேரியத்தின் பெரிய தொட்டி 63 லட்சம் கேலன், 2 கோடியே 38 லட்சம் லிட்டர். நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் நூற்றுக்கணக்கான டன் உப்பைக் கரைத்துத்தான் அது கடலானது. குழாய்த் தண்ணீரின் குளோரினை முதலில் நீக்க வேண்டும், கொட்டும் ஒவ்வொரு லிட்டரிலும் உப்புக் காசு போகும். அதனால் உள்நாட்டு ஊர்களில் பேக்வாஷ் தண்ணீரைக்கூட மீட்டெடுக்கிறார்கள். நைட்ரேட்டை ஆக்ஸிஜன் இல்லாத கலன்களில் வேறு பாக்டீரியாக்களைக் கொண்டு நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகிறார்கள். கடல்நீருக்கு சிகாகோவின் ஷெட் அக்வேரியம் 1930-ல் வேறு வழி கண்டது. 20 ரயில் டேங்கர்கள் ஃபுளோரிடாவின் கீ வெஸ்டுக்கும் சிகாகோவுக்கும் இடையே 8 முறை போய்வந்து 10 லட்சம் கேலன் கடல்நீரைக் கொண்டுவந்து சேர்த்தன.

மூடிய அமைப்புகளில் நீங்கள் பார்க்கும் தெளிவுக்கு இன்னும் இரண்டு பேர் உழைக்கிறார்கள். ஒன்று ஸ்கிம்மர். உயரமான குழாயில் மேலிருந்து தண்ணீர் இறங்க, கீழிருந்து நுண்குமிழிகள் ஏறும். புரதம், கொழுப்பு போன்ற ஒட்டும் கழிவுகள் குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே வரும், அதை வழித்துக் கொட்டிவிடலாம். சோறு வடிக்கும்போது கஞ்சியின் மேல் திரளும் நுரையை நினைத்துக்கொள்ளுங்கள். உப்புநீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் சிறிதாகவே நிற்பதால் இது வேலை செய்கிறது, நன்னீரில் அவ்வளவாகப் பலிக்காது. கரைந்த கழிவை அம்மோனியாவாக மாறும் முன்பே வெளியேற்றிவிடும் என்பதால் எங்களுக்கு இதன் மேல் தனி மதிப்பு.

இன்னொன்று ஓசோன். நல்ல வேலைக்காரன், கண்காணிப்பு தளர்ந்தால் ஆபத்தானவன். கொஞ்சமாக விட்டால் நுண்துகள்கள் திரண்டு மணலில் பிடிபடும், தண்ணீரின் மஞ்சள் நிறம் வெளுக்கும், கிருமிகளும் குறையும். ஆனால் கடல்நீரில் லிட்டருக்கு 65 மில்லிகிராம் அளவு புரோமைடு இருக்கிறது. ஓசோன் அதைத் தாக்கிப் புரோமின் சேர்மங்களை உண்டாக்கும். ஓசோன் சில நிமிடத்தில் மறைந்துவிடும், இவை நிற்கும், மீனின் செவுளைச் சுடும். எனவே ஓசோனைத் தொட்டியில் நேராக விடாமல், பக்கவழியில் ஒரு பகுதி நீருக்கு மட்டும் கொடுத்து, கார்பன் வழியாகவும் வாயு நீக்கும் கோபுரம் வழியாகவும் அனுப்பிய பிறகே திருப்பி விடுகிறார்கள். தண்ணீரின் ஆக்ஸிஜனேற்றத் திறனைக் காட்டும் மின்னழுத்த அளவு தொட்டிக்குள் 300 முதல் 400 மில்லிவோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். அளக்கும் மின்முனையில் பாசி படிந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், கருவி தானாக ஓசோனைக் கூட்டும். இந்த ஒரு காரணத்தாலேயே மின்முனையைத் துடைப்பதை வேலைப் பட்டியலில் முதலில் வைக்க வேண்டும்.

ஓசோனுக்கு இன்னொரு பக்கவிளைவு உண்டு. அது அயோடைடை அயோடேட்டாக மாற்றிவிடுகிறது. சுறாவும் திருக்கையும் தைராய்டுக்கு எடுத்துக்கொள்வது அயோடைடை. நைட்ரேட்டும் ஏறியிருந்தால் அது அயோடைடு உள்ளே போவதைத் தடுக்கும். இரண்டும் சேர்ந்தால் சுறாவின் தொண்டையடியில் வீக்கம் வரும், நம் ஊரில் முன்கழுத்துக் கழலை என்போமே, அதேதான். எந்தக் காட்சியகத்திலும் சுறா தலைக்கு மேல் நீந்தும்போது கீழ்த்தாடைக்குப் பின்னால் உள்ள இடத்தைப் பாருங்கள். வழவழப்பாக இருக்க வேண்டும்.

பம்பின் உறிஞ்சு பக்கத்தில் மயிரிழை அளவு ஓட்டை இருந்தாலும் காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அழுத்தத்தில் கரைந்து, தொட்டியில் நைட்ரஜன் அளவுக்கு மீறி ஏறும். பிறகு அது மீனின் செவுளிலும் கண்ணிலும் குமிழியாகப் பிரியும், கண் பிதுங்கும். சொரிமீன்களுக்கு (ஜெல்லிமீன்களுக்கு) குமிழியே எமன். மான்டரேயின் சொரிமீன் தொட்டிகள் உலகப் புகழ் பெற்றவை. அந்த வட்டத் தொட்டிகளில் தண்ணீர் சுவரை ஒட்டி மெல்லச் சுழல்கிறது, மூலை கிடையாது, உறிஞ்சும் வாயில் வலை அகலமாக விரிந்திருக்கும். ஒரு நிமிடம் நின்று குமிழி தெரிகிறதா என்று தேடுங்கள். குடைக்கு அடியில் ஒரு குமிழி மாட்டினாலும் அது மேலே மிதந்து, சதை கிழிந்துபோகும்.

ஜன்னல்கள் அக்ரிலிக். கெல்ப் காட்டில் அவற்றின் தடிமன் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர். ஜப்பானின் ஒகினாவா சுராவுமி மீன்காட்சியகத்தில், 2002-ல் திறந்த 75 லட்சம் லிட்டர் குரோஷியோ தொட்டியில், 60 சென்டிமீட்டர். இந்தத் தடிமனில் சாதாரணக் கண்ணாடி என்றால் பச்சையடிக்கும், அக்ரிலிக் நிறமற்று நிற்கும். ஆனால் மிருதுவானது. துடைக்கும் துணியில் ஒரு மணல் துகள் மாட்டினால் போதும், ஒரு கோடு. அதனால் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும், அடிமணலைத் தொட்ட பஞ்சு திரும்ப ஜன்னலுக்கு ஏறக்கூடாது. கெல்ப் காட்டில் வெயில் நேராக விழுவதால் பாசி வேகமாகப் படியும், துடைப்பு வேலை ஓய்வதே இல்லை. பழைய கீறல்கள் சில கோணங்களில் கண்ணில் படும். பாசியைத் தேங்க விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இனி குறைகள். தெளிவு மட்டுமே வேண்டுமென்று வருகிறவருக்குக் கெல்ப் காடு சில நாட்களில் ஏமாற்றம் தரும். வசந்த காலத்திலும் புயலுக்குப் பிறகும் எதிர்ச்சுவர் மங்கும். இரண்டாவது குறை, வருகிறவர்களில் பலர் இரவுத் தண்ணீரைப் பற்றித் தெரியாமலே பாறைகளைக் கடந்து போய்விடுகிறார்கள். இந்த இடத்தின் மிகச் சிறந்த செய்தி அது, ஜன்னலின் முன் நிற்கும் குழந்தைக்கும் புரியும்படி இன்னும் பெரிதாகச் சொல்லலாம். ஓப்பன் சீயில் வெளிச்சம் நீலமாக இருப்பதால் தண்ணீரின் மஞ்சள் நிறத்தை மதிப்பிடுவது கடினம். அங்கே ஒரு வழி உண்டு: ஜன்னலின் ஓரத்துக்குப் போய், தொட்டியின் நீளவாக்கில் தூரத்து மீனின் வெள்ளை வயிற்றைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகவே தெரிந்தால் கார்பனும் ஓசோனும் சரியாக வேலை செய்கின்றன.

போவதானால் செப்டம்பர், அக்டோபரில் போங்கள். அடிநீர் மேலே வருவது அடங்கி, கரையோர நீர் வருடத்திலேயே தெளிவாக இருக்கும் மாதங்கள் அவை. கோடை மூடுபனியும் விலகியிருக்கும். காலையில் ஓப்பன் சீயையும் சொரிமீன்களையும் முடித்துவிட்டு, வெயில் உச்சியில் இருக்கும்போது கெல்ப் காட்டுக்கு வாருங்கள். முதலில் ஜன்னலுக்கு எதிரே தள்ளி உட்கார்ந்து அலை ஒரு பத்து முறை போய்வருவதைப் பாருங்கள். பிறகு ஜன்னலை ஒட்டி நின்று, பாறையில் ஒரே ஒரு கொட்டலசைத் தேர்ந்தெடுங்கள். ஓடு திறக்கும், இறகு போன்ற கால்கள் வெளியே விரியும், தண்ணீரை ஒரு வாரு வாரி உள்ளே மடங்கும், மறுபடி விரியும். பகல் தண்ணீரில் அதற்குக் கிடைப்பது கொஞ்சம்தான், ஆனாலும் வாரிக்கொண்டே இருக்கும்.